இரண்டு, பிறகு மூன்று

ஹா லெசியா, லெசோத்தோ
11 பிப்ரவரி 1996

லினேயோ,

கிறிஸ்துமஸுக்கு வந்து போனவள் ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மொஹாப்பியின் மனைவி மாதாபோ உட்கார்ந்திருக்கிறாள், ஊரே பீர் குடித்துக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தில் நீ சொன்னாய்: "அண்ணனுக்குக் காதுல நோய். அதான் சத்தம் கேக்குதுங்கிறாரு." இரண்டு வருடப் படிப்பை முதலில் என் தலையில்தான் இறக்கினாய். போகட்டும்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சுரங்கத்திலிருந்து என்னை அனுப்பிய முதல் வருடம் ஒன்றுமில்லை. போன வருடம் ஆட்டுப்பட்டியின் இரும்புக் கம்பத்தில் எப்போதாவது வந்தது. இப்போது அடுப்பின் புகைக்குழாயில். பட்டப்பகல். சோளக்களி கிண்டிக்கொண்டிருக்கிறேன், குழாயில் தட்டுகிறது. மூன்று தட்டு. கொஞ்சம் நிற்கிறது. பிறகு இரண்டு. அன்று பூமிக்கடியில் காற்றுக்குழாயில் காதை வைத்தபோது கேட்டதும் இதுதான். குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை வெந்ததுதான் மிச்சம். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அதற்குக் கேட்டதா, நான் கத்தியதற்குப் போனதா, தெரியாது.

நீ காதைப் படிக்கிறாய். எனக்கு ஆறுதல் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல். தட்டுவது என் காதா, இல்லை சுவருக்குப் பின்னால் நாங்கள் விட்டுவிட்டு வந்த மொஹாப்பியும் மற்ற மூன்று பேருமா?

தங்கிசோ


ஜோகன்னஸ்பர்க்
3 மார்ச் 1996

அண்ணா,

கிறிஸ்துமஸில் நான் சொன்னது உங்களை அவமானப்படுத்த அல்ல. மாதாபோ அக்கா ஒவ்வொரு முறையும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "கேட்டீங்களா, கேக்கலையா" என்று கேட்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதை நிறுத்த நினைத்தேன். சொன்ன இடம் தப்பு.

உங்கள் கேள்விக்குப் பாடத்தில் பதில் இருக்கிறது. உள்காதில் மயிரைவிட மெல்லிய இழைகள் உண்டு. ஒன்பது வருடம் பாறை துளைக்கும் எந்திரத்தைத் தோளில் தாங்கியவருக்கு அவை படுத்துவிடும், திரும்ப எழாது. சத்தம் வராத இடத்தில் மூளை தானே சத்தம் செய்துகொள்ளும். வெட்டியெடுத்த காலில் அரிப்பது போல. பெரும்பாலும் அது இரைச்சலாகவோ விசிலாகவோ இருக்கும். தட்டும் சத்தம் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. ஆனால் மனம் அதற்கு உருவம் கொடுக்கலாம்.

இங்கே நிலவரம் சொல்கிறேன். வகுப்பில் முப்பத்தொரு பேர். அதில் சோத்தோ பேசுகிறவள் நான் ஒருத்தி. பேச்சு கேட்கிறதா என்று சோதிக்கும் சொற்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆப்பிரிக்கான்ஸில் இருக்கிறது, நம் மொழியில் இல்லை. சுரங்கத்துக்காரர் வந்து உட்கார்ந்து, தெரியாத சொல்லைத் திருப்பிச் சொல்லத் திணறினால், செவிடு என்று எழுதுகிறார்கள். இதை வகுப்பில் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள். அவ்வளவுதான்.

சோதனை அறையைப் பெட்டி என்போம். சுவருக்குள் சுவர், ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஆள் உட்கார்ந்து, காதில் ஒலி வரும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே நம் மேஜையில் விளக்கு எரியும். ஒருவரை ஒருவர் சோதித்துப் பழகுகிறோம். என்னை உள்ளே வைத்துக் கதவை மூடியபோது என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது. எங்கள் ஆசிரியை ஆக்கர்மன் அம்மா சொல்வது இது: "முகத்தை நம்பாதே. விரலை நம்பு."

கையிலுள்ள புண்ணுக்கு மருந்து போடுங்கள்.

லினேயோ


ஹா லெசியா
24 மார்ச் 1996

லினேயோ,

நீ எழுதியதை இரண்டு வருடம் முன்பே வேறொருவர் எனக்குச் சொல்லியாயிற்று. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அதுதான் வித்தியாசம்.

நீ அப்போதுதான் ஜோகன்னஸ்பர்க் படிப்புக்குப் போயிருந்தாய், முழுக்கச் சொன்னதில்லை. கேள். மார்ச் எட்டாம் தேதி பாறை விழுந்தது. நாலு பேர் அந்தப் பக்கம். தோண்டினோம். பத்தாம் தேதி புகை வந்தது. சத்தமே இல்லை, அந்தப் பக்கம் யாரும் உயிரோடு இல்லை என்று மேலே முடிவு செய்தார்கள். பதினொன்றாம் தேதி காலை, எங்களை மேலே கொண்டுபோகும் கூண்டில் ஏற்றுவதற்கு முன், காற்றுக்குழாயில் காதை வைத்தேன். மூன்று, இரண்டு. நான் சொன்னேன். மேஸ்திரி காதை வைத்தார், ஒன்றுமில்லை என்றார். அன்று மத்தியானமே தீயை அடைக்கக் கான்கிரீட் சுவர் எழும்பிவிட்டது.

விசாரணையிலும் சொன்னேன். அங்கே ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்கள். என் காதுச் சோதனை. அதில் கோடு கிணற்றில் விழுந்த கயிறு மாதிரி கீழே போயிருந்தது. சுரங்க டாக்டர் சொன்னார், இவர் பொய் சொல்லவில்லை, பாவம், இவருக்குக் கேட்க முடியாது, காது இரைச்சலைத் தட்டல் என்று நினைக்கிறார் என்று. எல்லோரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். எதையும் நிச்சயமாகக் கேட்டதாகச் சொல்ல முடியாது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் போட்ட கையெழுத்தைத்தான் நீயும் கிறிஸ்துமஸில் போட்டாய்.

மாதாபோ துக்கத்துக்குப் போட்ட கருப்புத் துணியை இன்னும் கழற்றவில்லை. உடல் வரவில்லை. கம்பெனி கொடுத்த தாளில் இறந்த நாள் எட்டாம் தேதி என்று இருக்கிறது. நேற்றும் வந்தாள். "எந்த நாள்? அதைச் சொல்லு. எந்த நாள்லேருந்து எண்ணிக் கழட்டுறது?" என்றாள். நான் களியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். குழாய் தட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் மாதிரி எழுதுவதென்றால் இனி எழுதாதே.

தங்கிசோ


வெல்கம், நர்சுகள் விடுதி
9 ஜூன் 1996

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். இரண்டு மாதம் எழுதவில்லை. இப்போது இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

மூன்றாம் ஆண்டுக்காரர்களை ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு விழுந்தது இந்த வெல்கம் ஊரில் சுரங்க ஆஸ்பத்திரியின் காது கிளினிக். உங்கள் சுரங்கம் மூடிவிட்டது. அங்கிருந்தவர்களைப் பக்கத்துச் சுரங்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டுக்கும் கம்பெனி ஒன்றுதான்.

முதல் நாளே புரிந்துவிட்டது. சோதனைக்கு முன் பதினாறு மணிநேரம் இரைச்சலில் இருக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம். இங்கே கூண்டிலிருந்து இறங்கியவர்களை முகம் கழுவக்கூட விடாமல் பெட்டிக்குள் தள்ளுகிறார்கள். என்ன செய்ய வேண்டுமென்று விளக்க, சுரங்கத்தில் பேசும் கலப்பு மொழியில் நாலு வார்த்தை. நான் சோத்தோவில் சொல்லத் தொடங்கியதும் வரிசையே என் பக்கம் நகர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒருவர். ஐம்பது வயதிருக்கும். வலது காதை முடித்து, இடது காதுக்கு மாற்றுவதற்காக நிறுத்தினேன். ஒலி எதுவும் கொடுக்கவில்லை. விளக்கு எரிந்தது. இரண்டு முறை. நின்றது. பிறகு மூன்று முறை.

ஆக்கர்மன் அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து மேற்பார்க்கிறார். அன்று இருந்தார். "நீ தாளம் போடுற. ஒரே இடைவெளியில குடுத்தா அவங்க கேக்காமலே தாளத்துக்கு அழுத்துவாங்க. முதலாம் வருஷப் பிள்ளைங்க செய்ற தப்பு" என்றார். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்புதான் அது. வெட்கமாகப் போய்விட்டது. அதன்பின் இடைவெளியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எதுவுமே கொடுக்காமல் இருந்தேன். இரண்டு, பிறகு மூன்று.

வெளியே வந்ததும் கேட்டேன், "சத்தம் வராதப்போ ஏன் அழுத்தினீங்க, ஐயா?"

"நான் அழுத்தலையே, தங்கச்சி."

"அழுத்தினீங்க. ரெண்டு வாட்டியும் அஞ்சு தடவை."

அவர் தன் கட்டைவிரலைத் தூக்கி, வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை இன்னொருவர். வெள்ளிக்கிழமை இன்னொருவர். ஒருவரையொருவர் பார்த்திருக்க முடியாது, வேறு வேறு ஷிப்ட். மூன்று பேரின் கோப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் 94 மார்ச்சில் உங்கள் சுரங்கத்தில், நீங்கள் இருந்த அதே ஆழத்து மட்டத்தில் வேலை செய்தவர்கள். மற்ற நூற்றுப் பத்துப் பேரில் ஒருவர்கூட அப்படி அழுத்தவில்லை.

நீங்கள் எழுதியது மூன்று, பிறகு இரண்டு. இவர்கள் தலைகீழாக அழுத்துகிறார்கள். அதனால் இது தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நேற்றிலிருந்து பெட்டிக்குள் தனியாகப் போய் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் பயமாக இருக்கிறது. கதவில் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.

லினேயோ


ஹா லெசியா
20 ஜூன் 1996

லினேயோ,

கடிதத்தைத் தபால் கடை வாசலிலேயே நின்று படித்தேன். கடைக்காரர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை. எங்கள் மட்டத்தில் நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம் இது. வேறு சுரங்கத்தில் வேறு மாதிரி இருக்கும். மாட்டிக்கொண்டவன் மூன்று தட்டுவான், நிறுத்தி இரண்டு தட்டுவான். "இருக்கேன்" என்று அர்த்தம். கேட்டவன் திருப்பித் தட்ட வேண்டும், இரண்டு, பிறகு மூன்று. "கேட்டுச்சு, வர்றோம்."

பதில் கொடுத்தவன் போயே ஆக வேண்டும். கொடுத்துவிட்டுப் போகாதவனோடு யாரும் கூண்டில் ஏற மாட்டார்கள்.

அன்று காலை குழாய்ப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நின்றோம். நான் மட்டும்தான் கேட்டேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பதில் கொடுக்க ஸ்பேனரை ஓங்கினேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார். "கையை எடு. கூண்டு காத்திருக்கு." நான் கையை எடுத்தேன். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அந்த மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் பதில் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறார்கள்.

தங்கிசோ


வெல்கம்
7 ஜூலை 1996

அண்ணா,

உங்கள் கம்பெனி எண் எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் உங்களுக்குக் கடிதம் அனுப்பும்போதெல்லாம் உறையில் எழுதிய எண். மூடிய சுரங்கத்தின் கோப்புகள் கிளினிக்கின் பின்கட்டில் அடுக்கியிருக்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் போனேன்.

உங்கள் செவி வரைபடம் இருந்தது. இடது பக்கம் கட்டைக் குரல் போன்ற தாழ்ந்த ஒலிகள், வலது பக்கம் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள், அப்படித்தான் வரைவோம். வலது பாதியில் கோடு விழுந்திருப்பது உண்மை. உங்களுக்குப் பறவை கேட்காது, கடிகார முள் கேட்காது. ஆனால் இடது பாதியில் கோடு நேராக, மேலே, என்னுடையதைப் போலவே இருக்கிறது. துளைப்பவர்களின் காது பெரும்பாலும் இப்படித்தான் கெடும். மேலிருந்து தின்றுகொண்டு வரும், தாழ்ந்த ஒலியைக் கடைசியில்தான் தொடும்.

அந்தத் தாளின் பின்னால் விசாரணைக்கு அனுப்பிய நகலும் குத்தியிருந்தது. நடுவில் ஒரு மடிப்பு. தாளை இரண்டாக மடித்து, வலது பாதியை மட்டும் நகலெடுத்திருக்கிறார்கள். டாக்டர் வாயால் பொய் சொல்லவில்லை, அண்ணா. தாளை மடித்தார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பணிமனைக்குப் பின்னால் கிடக்கும் பழைய காற்றுக்குழாயை, காவலரிடம் சுத்தியல் வாங்கி, அவரையே ஒரு முனையில் தட்டச் சொன்னேன். ஒலி அளக்கும் கருவியுடன் மறுமுனையில் நின்றேன். "காது டாக்டருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா" என்று சிரித்துக்கொண்டே தட்டினார். கணீர் என்ற பகுதி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. வந்து சேர்வது அடித்தொண்டைச் சத்தம் போன்ற தாழ்ந்த ஒலிதான். உங்கள் இடது பாதி.

நீங்கள் கேட்டீர்கள். உங்களால் கேட்க முடியும், கேட்டீர்கள். கிறிஸ்துமஸில் நான் சொன்னது பொய். பாடத்தைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை.

கேட்டீர்கள் என்றால் பதினொன்றாம் தேதி அவர்கள் உயிரோடு இருந்தார்கள். அன்று மத்தியானம்தான் சுவர்.

ஆக்கர்மன் அம்மாவிடம் நகலைக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு, பழைய கோப்புகளைத் தொட்டது தெரிந்தால் என்னைப் படிப்பிலிருந்தே நீக்குவார்கள் என்றார். பிறகு நெடுநேரம் மடிப்பைப் பார்த்தார். பழைய தாளை வைத்துக்கொண்டு யாரும் வழக்கை மறுபடி எடுக்க மாட்டார்கள், புதிதாக, முறைப்படி ஒரு சோதனை வேண்டும் என்றார். மாணவி செய்த சோதனை செல்லாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் செல்லும். போடுவதாகச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 13 பல்கலைக்கழகத்துப் பெட்டி காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வாருங்கள்.

லினேயோ


ஹா லெசியா
21 ஜூலை 1996

லினேயோ,

நீ நல்ல செய்தி சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்காதே. இரண்டு வருடம் என் காது கெட்டது என்று நம்பினேன். அது எனக்கு ஒரு கூரை. காது கெட்டவன் யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. இப்போது நீ கூரையைப் பிரித்துவிட்டாய். கேட்டுக்கொண்டே கூண்டில் ஏறியவன் நான்.

நாலு நாள் ஆட்டுப்பட்டியில்தான் படுத்தேன். ஐந்தாம் நாள் மாதாபோ வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். ஸ்பேனரையும் சொன்னேன், மணிக்கட்டையும் சொன்னேன். துப்புவாள் என்று நினைத்தேன். சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள், கல்லை நிறுத்தவில்லை.

"பதினொண்ணுலயும் இருந்தாரு," என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அதுக்கப்புறம்?"

தெரியாது என்றேன்.

"அப்போ தொறந்து பாத்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் நான் கழட்ட மாட்டேன்."

பேருந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி உன் விடுதிக்கு வருவேன். இரைச்சல் கூடாது என்றாயே, வண்டியில் ரேடியோவை அணைக்கச் சொல்கிறேன், கேட்பான்களோ மாட்டான்களோ.

ஒன்று உன்னைக் கேட்க வேண்டும். என் காது சரியென்றால், புகைக்குழாயில் தட்டுவது எது?

தங்கிசோ


ஜோகன்னஸ்பர்க்
15 ஆகஸ்ட் 1996

அண்ணா,

சோதனை முடிந்ததும் நேராக டாக்ஸி நிலையத்துக்குப் போய்விட்டீர்கள். இதற்குள் வெல்கத்தில் தொழிலாளர் சங்கத்து வக்கீலைப் பார்த்திருப்பீர்கள். இதை அவர் முகவரிக்கே அனுப்புகிறேன். அறிக்கையின் மூன்று பிரதிகள் உள்ளே. மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன். மடிக்காமலே கொடுங்கள்.

பெட்டிக்கு வெளியே நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

எல்லாம் முறைப்படி செய்தேன். முந்தைய நாள் வந்து இறங்கியதிலிருந்து பதினாறு மணிநேரம் நீங்கள் அமைதியில் இருந்தீர்கள். கருவியைக் காலையில் சரிபார்த்தேன். அறைக்குள்ளேயே சத்தம் இருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதென்று, ஒலி அளக்கும் கருவியை உள்ளே உங்கள் நாற்காலிக்கு எட்டடி தள்ளி, அதன் ஊசி ஜன்னல் வழியே தெரியும்படி வைத்தேன். ஆக்கர்மன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தாழ்ந்த ஒலிகள் எல்லாம் கேட்டன. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதே இடம். விசாரணையில் சொன்னது தப்பு என்று நிரூபிக்க அதுவே போதும்.

கடைசியில் ஆக்கர்மன் அம்மா ஒலியை முழுவதும் நிறுத்தச் சொன்னார். இரண்டு நிமிடம் எதுவும் கொடுக்காமல் காத்திருந்தோம். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். பொத்தான் பிடித்த கை தொடை மேல் இருந்தது. மற்றது தொங்கிக்கொண்டிருந்தது. கால் அசையவில்லை. நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் என் முழங்கையைத் தொட்டு ஊசியைக் காட்டினார்.

மூன்று முறை துள்ளியது. நின்றது. இரண்டு முறை துள்ளியது.

அதற்குப் பிறகுதான் மேஜையில் உங்கள் விளக்கு எரிந்தது. இரண்டு. மூன்று.

கதவைத் திறந்து, ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்டேன். மற்றவர்களைப் போல நீங்கள் மறுக்கவில்லை. "பதில் சொன்னேன்," என்றீர்கள். தொப்பியை எடுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் போன பிறகு ஆக்கர்மன் அம்மா பெட்டியின் சுவரை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார், கட்டடத்தில் குழாய் எங்கே ஓடுகிறது என்று காவலரைக் கேட்டார். அந்தப் பக்கம் குழாயே இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஊசியப் பத்தி நான் எதுவும் எழுத மாட்டேன். காதுக்குக் கையெழுத்துப் போடுறேன்," என்றார். போட்டார். எழுத்து கோணலாக இருக்கிறது, பார்ப்பீர்கள்.

படிவத்தின் அடியில் ஒரு வரி உண்டு: ஒலி இல்லாதபோது அழுத்தியவை. அதில் நான் ஐந்து என்று எழுதினேன். அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். என்னை நீக்கினாலும் அந்த வரியை அடிக்க மாட்டேன்.

புகைக்குழாயில் தட்டுவது எது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீங்கள் எழுந்து போன பின் அந்தப் பெட்டிக்கு முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். நேற்றும் உட்கார்ந்திருந்தேன். இன்றும். இந்த மூன்று நாளில் ஊசி ஒரு முறைகூட அசையவில்லை. வெல்கம் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டேன். அன்று செவ்வாய்க்கிழமை அழுத்திய பெரியவரை நேற்று மறுபடி சோதித்திருக்கிறார்கள். ஒலி இல்லாதபோது அவர் எதையும் அழுத்தவில்லை.

பதில் போய்ச் சேர்ந்துவிட்டது, அண்ணா. வருகிறோம் என்று சொல்லிவிட்டீர்கள். தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

வக்கீலிடம் சுவரை உடைக்க மனு போடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் எனக்குத் தந்தி கொடுங்கள். நான் வருகிறேன்.

லினேயோ